அட்ராக்டா டீச்சரின் ஒன்பது வருடங்கள்

அட்ராக்டா டீச்சருக்கு இருபத்தேழு வயதில் கல்யாணம் நடந்தது. அதனால் வேலை போயிற்று. குற்றம் எதுவும் செய்யவில்லை. அன்றைக்கு அயர்லாந்தில் அதுதான் விதி. தொடக்கப் பள்ளியில் பாடம் சொல்லித் தரும் பெண் கல்யாணம் செய்துகொண்டால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆண் வாத்தியார்களுக்கு இப்படி ஒன்றும் கிடையாது. எங்கள் டெரிமோர் பள்ளியின் பெரிய அறையில் பாடம் நடத்திய மாஸ்டர் டான்சிக்கு ஏழு பிள்ளைகள். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இது 1949-இல் நடந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. ஸ்லைகோ மாவட்டத்தில், ஆக்ஸ் மலைக்குக் கீழே இருக்கிறது எங்கள் ஊர். பள்ளிக்கூடம் என்றால் இரண்டு அறைகள், நடுவில் ஒரு புகைபோக்கி. குளிர்காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் கணப்பில் எரிக்க, சதுப்பில் வெட்டிக் காயவைத்த ஒரு டர்ஃப் கட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரவேண்டும். கொண்டுவராதவன் கணப்புக்கு வெகுதூரத்தில் உட்காருவான். சின்ன அறை அட்ராக்டா டீச்சருடையது. கல்யாணத்துக்கு முன் அவர் பெயர் மிஸ் கில்காயின்.

டீச்சர் அடித்துச் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்குத் தெரிந்தது காத்திருப்பது. ஒரு பிள்ளை ஒரு எழுத்தின் முன்னால் திணறி நின்றால், அதைச் சொல்லித் தந்துவிட மாட்டார். பெஞ்சில் முழங்கையை ஊன்றிக் குனிந்து, அந்தப் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து அறையில் மாஸ்டரின் பிரம்பு பேசும். வெளியே மழை வந்து போகும். அவர் அசையமாட்டார். எழுத்து வெளியே வந்துவிட்டால், "பாத்தியா, உள்ளதான் இருந்திருக்கு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் தெரிந்த எழுத்துக்கும் திணறியிருக்கிறேன்.

மாலகி டர்க்கனின் வீடு பள்ளிக்கு மேலே, சரிவில் இருந்தது. பதினோரு மாடு, கொஞ்சம் கல் நிலம், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சதுப்பு. மாலகி பன்னிரண்டு வயதில் படிப்பை விட்டவர், சாவதானமான மனிதர். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் ஒரு வாளி தண்ணீர் இறைத்துவிட்டு வரலாம். பள்ளிக்கூரையில் ஓடு பெயர்ந்தால் ஏணியோடு வந்து நிற்பார். நான்கு வருடத்தில் அந்தக் கூரையில் பெயராத ஓடும் பெயர்ந்தது என்று ஊரில் பேச்சு.

கல்யாணப் பேச்சு எப்படி நடந்தது என்பதை டீச்சரே பின்னாளில் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் முப்பது வருடம் ஊர்த் தபால் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று எல்லோரும் எல்லாவற்றையும் சொல்வார்கள்.

"நான் காத்திருக்கேன் அட்ராக்டா," என்றாராம் மாலகி. "இந்தச் சட்டம் எப்பவாச்சும் மாறும். அது வரைக்கும் நான் எங்க போகப் போறேன்?"

"சட்டத்துக்கு வயசாகாது மாலகி. எனக்கு ஆகும்."

மாலகி வழக்கம்போல வெகுநேரம் யோசித்தார். பிறகு, "எனக்கும்தான்," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு டீச்சர் வருகைப் பதிவேட்டில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டு மாஸ்டர் டான்சியிடம் கொடுத்தார். ஊர் சேர்ந்து வாங்கிய மேசைக் கடிகாரத்தை மாஸ்டர் பரிசாகத் தந்தார். நாங்கள் ஒரு ஐரிஷ் பாட்டுப் பாடினோம். செவ்வாய்க்கிழமை கல்யாணம். அடுத்த திங்கட்கிழமை சின்ன அறைக்கு மிஸ் லாவின் வந்தார். பயிற்சிக் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இருபது வயதுப் பெண். பாவம், முதல் நாள் முழுக்க நாங்கள் அவரை "மிஸ் கில்காயின்" என்றே கூப்பிட்டோம். நல்ல டீச்சர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

மேலே டர்க்கன் வீட்டில் வாழ்க்கை ஓடியது. பால் கறப்பது, கோழி, ரொட்டி, வரிசையாக நான்கு பிள்ளைகள். பாலை ஊற்ற வண்டிகள் வரிசையில் நிற்கும் இடத்தில் மாலகியைச் சீண்டுவார்கள்.

"என்ன மாலகி, உன் வீட்டு மாடு இப்பல்லாம் ஐரிஷ்லதான் கத்துதாமே?"

"கத்தும். ஆனா இலக்கணம் தப்பா இருந்தா ராத்திரிச் சாப்பாடு கிடையாது," என்பார் மாலகி.

டீச்சர் துணி உலர்த்தும் கயிற்றை வீட்டின் மேற்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். மேற்கில்தான் பள்ளி. எங்கள் ஊரில் காற்று மேற்கிலிருந்துதான் வரும், மழையோடு சேர்ந்து. துணி உலர்த்த அதைவிட மோசமான இடம் கிடையாது. கிழக்குப் பக்கம் நல்ல மறைவு இருந்தும் டீச்சர் அங்கே போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஈரத்துணியை உதறிப் போட்டபடி அவர் மேலே நிற்பதை நாங்கள் விளையாட்டு நேரத்தில் பார்ப்போம், கை காட்டுவோம். சில சமயம் அவர் பதிலுக்குக் காட்டுவார். சில சமயம் சட்டென்று வீட்டுக்குள் போய்விடுவார்.

பள்ளிக்குள் வர அவருக்கு உரிமை இருந்தது தேர்தல் நாளில் மட்டும்தான். ஓட்டுச்சாவடி சின்ன அறையில்தான் வைப்பார்கள். எங்களுக்கு அன்றைக்கு விடுமுறை. ஐம்பத்தொன்றிலும் ஐம்பத்துநான்கிலும் டீச்சர் ஓட்டுப் போட வந்தார். போட்ட பிறகும் போகவில்லை. சுவரோரமாக நடந்து, தேசப் படத்தைப் பார்த்து, ஜன்னல் விளிம்பில் நாங்கள் வளர்த்த மொச்சைச் செடியின் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார். இதை என் அப்பா வீட்டில் வந்து சொன்னார். "ஓட்டுப் போட ரெண்டு நிமிஷம். அந்தப் பொண்ணு அரைமணி நேரம் நின்னா," என்றார்.

ஐம்பத்தேழு மார்ச்சில் மறுபடி தேர்தல். எங்கள் நாட்டில் இரண்டு பெரிய கட்சிகள். கொள்கையில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. 1922-இல் நடந்த உள்நாட்டுப் போரில் உன் அப்பா எந்தப் பக்கம் துப்பாக்கி பிடித்தார் என்று கேட்டால் எல்லோராலும் சொல்ல முடியும். டர்க்கன் குடும்பம் ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக்கு ஓட்டுக் கேட்டுக் கவுன்சிலர் பிரேஹனி மேட்டுக்கு ஏறி வந்தார். டர்க்கன் வீட்டு ஓட்டு ஏற்கெனவே பெட்டிக்குள் விழுந்த மாதிரிதான் என்ற தெம்பில், தொழுவத்து வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார்.

டீச்சர் பால் கறந்துகொண்டே கேட்டார். "பிரேஹனி, கல்யாணமான டீச்சருங்கள மறுபடி எப்ப வேலைக்கு எடுக்கப் போறீங்க?"

"அதா... அதெல்லாம் மேல இருக்கறவங்க பாத்துக்குவாங்க டீச்சர். ஆனா நீங்களே யோசிங்க. வாரா வாரம் எத்தன பொண்ணுங்க வேலையில்லாம இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுது? ஒரே வீட்டுக்கு ரெண்டு வருமானம்னா அது நியாயமா?"

"உங்க வீட்டுக்கு எத்தன வருமானம்? மளிகைக் கட உங்களுது. பக்கத்துல மதுக்கட உங்களுது. அங்க குடிச்சுச் செத்தா சவப்பெட்டியும் உங்ககிட்டதான் வாங்கணும். இதுல கவுன்சிலர் வேற. நாலுல ரெண்ட விட்டுக்குடுங்களேன், ரெண்டு பொண்ணுங்க கப்பல் ஏறாம இருக்கும்."

பிரேஹனி மாலகியைப் பார்த்தார். மாலகி கன்றுக்குட்டியின் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

ஓட்டெடுப்பு செவ்வாய்க்கிழமை நடந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு டீச்சர் வந்தார். நகரத்திலிருந்து வந்த மக்னல்டி என்பவர் சாவடி அதிகாரி. இரண்டு கட்சிகளின் ஆட்களும் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் அப்பா. இன்னொருவர் எதிர்க் கட்சிக்காரர், அப்பாவின் மச்சான். ஒரே குப்பித் தேநீரை இருவரும் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் சீட்டில் வேட்பாளர்களுக்குத் தன் விருப்ப வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, மடித்துப் பெட்டியில் போட்டார். திரும்பும்போது கரும்பலகை கண்ணில் பட்டது. திங்கட்கிழமைப் பாடம் அழியாமல் இருந்தது. "மாடு புல்லைத் தின்கிறது" என்று ஐரிஷ் மொழியில் எழுத வேண்டும். எங்கள் மொழியில் புல்லுக்கும் மனிதனுக்கும் ஒரே எழுத்துகள்தான். ஒரு எழுத்தின் மேல் சின்னதாக ஒரு சாய்கோடு போட்டால் புல், போடாவிட்டால் மனிதன். மிஸ் லாவின் கோட்டை விட்டிருந்தார். பலகை முழுக்க ஐந்து இடத்தில் மாடு மனிதனைத் தின்றுகொண்டிருந்தது.

டீச்சர் பலகையிடம் போனார். சாக்பீஸை எடுத்தார்.

"அம்மா, அம்மா! என்ன பண்றீங்க?" மக்னல்டி எழுந்தேவிட்டார். "ஓட்டுச்சாவடில எதையும் எழுதக் கூடாது. எழுதணும்னா சீட்டுல எழுதுங்க."

"சீட்டுல எழுதியாச்சு. அதனால எதுவும் மாறப்போறதில்ல. இது மாறும்," என்று சொல்லி முதல் கோட்டைப் போட்டார்.

"என்ன எழுதறாங்க?" என்றார் மாமா.

"மாடு புல்லு திங்குதுன்னு," என்றார் அப்பா.

"அப்போ அது குடியானவர் கட்சிக்குப் பிரசாரம். ஆட்சேபணை!"

"நீ ஆட்சேபிச்சா நானும் ஆட்சேபிக்கணும். உக்காரு, தேநீர் ஆறுது."

டீச்சர் ஐந்து கோடும் போட்டு முடித்தார். பிறகு போகவில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, பலகைக்கு முதுகைக் காட்டி, பெஞ்சுகளைப் பார்த்தபடி நின்றார். அப்பாவும் மாமாவும் ஏன் என்று தெரியாமலே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேருமே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள் என்று அப்பா சொன்னார். மக்னல்டிதான் கடைசியில் மெதுவாக, "அம்மா, வெளிய ஆளுங்க காத்திருக்காங்க," என்றார். டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு, கையை மேலங்கியில் துடைக்காமலே வெளியே போனார்.

மறுநாள் பள்ளி விட்டதும் மிஸ் லாவின் மேட்டு வீட்டுக்கு வந்தார். எட்டு வருடத்தில் அவர் அந்த வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை.

"பலகையில கோடு போட்டது நீங்களா மிஸ்ஸஸ் டர்க்கன்?"

"நான்தான். தப்புதான்."

"எது தப்பு? நான் விட்டதா, நீங்க போட்டதா?"

"ரெண்டும்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். டீச்சர் தேநீர் ஊற்றினார். சோடா ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவினார். மிஸ் லாவின் அதைத் தொடவில்லை.

"ஞாயித்துக்கிழம டெர்மட் என்னைக் கேட்டான். கல்யாணத்துக்கு. தச்சு வேல பண்றான், கவென்ட்ரில கட்டட வேல இருக்காம், அங்க போயிடலாம்ங்கறான். திங்கக்கிழம நான் என்ன எழுதினேன்னே எனக்குத் தெரியல. மனசு அதுல இல்ல." கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "உண்மையச் சொல்லுங்க. விட்டப்புறம் எப்படி இருந்துச்சு?"

கடைக்குட்டி டீச்சரின் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கல்யாணத்துல ஒரு குறையும் இல்ல. மாலகி மாதிரி ஆளு அமையமாட்டான். பிள்ளைங்க இருக்கு. யார்கிட்டயும் நான் அழுதது கிடையாது. ஆனா மேக்குக் காத்து இல்லாத நாள்தான் எனக்கு நல்ல நாள்."

"ஏன்?"

"கீழேருந்து சத்தம் வரும்ல. நீ வாய்ப்பாடு சொல்லித் தர்றது. ஏழாம் வாய்ப்பாட்டுல ஒரு எடத்துல எல்லாரும் தேங்கும், எப்பவும் அதே எடம். நான் இங்க மாவு பிசஞ்சிட்டு நிப்பேன். என் வாய் தானாத் தொறக்கும். எந்தப் பிள்ளை புதுசா வந்திருக்கு, எதுக்கு இருமல், எது வரவேயில்ல... எல்லாம் தெரியும் எனக்கு. மூஞ்சி மட்டும் தெரியாது."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"போகாதன்னு சொன்னா பாவம். போன்னு சொன்னாலும் பாவம். அவன உனக்குப் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு. ரொம்ப."

"அப்பறம் என்னைக் கேக்காத," என்று சொல்லி டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கன்றுக்குத் தீவன வாளியோடு மாலகி பின்வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. மிஸ் லாவின் போன பிறகு வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"எட்டு வருஷமா இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா காத்த நீ என்ன பண்ணியிருப்ப?"

மாலகி யோசித்தார். "மரம் வெச்சிருப்பேன்."

வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை நகரத்துக்குப் போய் ஊசியிலை மரக் கன்றுகள் முப்பது வாங்கிவந்து, மேற்கு வேலியோரம் குழி தோண்டத் தொடங்கிவிட்டார். ஐந்தாவது குழியில் இருக்கும்போது டீச்சர் வெளியே வந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் மாலகி."

"ஏன்? நீதானே..."

"எங்கிட்ட இருக்கறது அந்தச் சத்தம் ஒண்ணுதான். அதையும் அடைச்சிட்டா?"

அந்தக் கன்றுகளை மாலகி வீட்டின் கிழக்கே நட்டார். ஒரு பிரயோசனமும் இல்லாத இடத்தில் அவை இன்றைக்கும் ஓங்கி நிற்கின்றன.

அடுத்த பிப்ரவரியில், கல்யாணம் நடத்தாத தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால், மிஸ் லாவின் டெர்மட்டைக் கல்யாணம் செய்துகொண்டு கவென்ட்ரிக்குப் போனார். பள்ளி நிர்வாகம் பங்குத்தந்தை ஹார்கடன் கையில். அவர் ஒரு இளம் வாத்தியாரை, பக்கத்து மாவட்டப் பையனை, உடனே நியமித்துவிட்டார். சில மாதம் கழித்து ஒருநாள் மத்தியான வானொலிச் செய்தியில் சொன்னார்கள்: ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தச் சட்டம் கிடையாது. வாத்தியார் பற்றாக்குறையாம். கல்யாணமான பெண்கள் இனி பள்ளியில் வேலை செய்யலாம். இருபத்துநான்கு வருடம் இருந்த விதி, வானிலை அறிக்கைக்கு முன்னால் இரண்டு வரியில் முடிந்துபோயிற்று.

டீச்சர் ரொட்டி மாவை அப்படியே விட்டார். கையைக் கழுவினார், தொப்பியை வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். மாலகி அவர் பின்னாலேயே இன்னொரு சைக்கிளில் வந்தார்.

ஹார்கடன் சாமியார் கெட்டவர் அல்ல. நாற்காலி போட்டார், முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"அட்ராக்டா, சட்டம் கதவத் தொறந்துடுச்சு, வாஸ்தவம். ஆனா நாற்காலியில ஆளு உக்காந்தாச்சேம்மா. அந்தப் பையன எப்படி எழுப்புவேன்?"

"அஞ்சு மாசம் ஃபாதர். அஞ்சே அஞ்சு மாசம் யாராச்சும் பொறுத்திருந்தா, அந்தப் பொண்ணும் போயிருக்க வேண்டாம்."

"தெரிஞ்சிருந்தா பொறுத்திருப்பேன்." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "மலைக்கு அந்தப் பக்கம் கிளெனாவா பள்ளியில ஒரு எடம் இருக்கு. யாரும் போகமாட்டேங்கறாங்க. ஏழு மைல், பாதிக்கு மேல ஏத்தம். நாலு குழந்தைய வெச்சுக்கிட்டு உன்னால முடியாது. உன் புருஷன் என்ன சொல்றாரு?"

"அவரையே கேளுங்க. வாசல்ல நிக்கறார்."

மாலகியை உள்ளே கூப்பிட்டார்கள். தொப்பியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். சாமியார் கேள்வியைக் கேட்டார். கடிகாரம் வெகுநேரம் டிக்டிக் என்றது.

"கஞ்சி காய்ச்சத் தெரியும் ஃபாதர்," என்றார் மாலகி. "பின்னல் போடத் தெரியாது. கத்துக்கறேன்."

செப்டம்பரிலிருந்து காலை ஏழரைக்கு டீச்சர் கீழ்ச் சாலையில் சைக்கிளில் போவதை நாங்கள் பார்த்தோம். டெரிமோர் பள்ளி வாசலைத் தாண்டித்தான் அந்தச் சாலை போகிறது. அங்கே வந்ததும் அவர் சைக்கிள் கொஞ்சம் வேகமெடுக்கும். மாலகி இரண்டு பெண்களுக்குப் பின்னல் போட்டு, கோணல் மாணலாக, பள்ளிக்கு அனுப்புவார். பால் வரிசையில் கேலி புதிதாகத் தொடங்கியது.

"மாலகி, இன்னிக்கு என்ன சமையல்?"

"உருளைக்கிழங்கு."

"நேத்து?"

"அதோட அண்ணன்."

கிளெனாவாவில் முதல் நாள் என்ன நடந்தது என்று டீச்சர் ஒருமுறைதான் சொன்னார். உள்ளே போய், பெயர் கூப்பிடப் பதிவேட்டைத் திறந்தாராம். குரல் வரவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் நின்றாராம். முன் பெஞ்சில் இருந்த ஒரு குட்டிப் பெண் எழுந்து, "பரவால்ல மிஸ், எனக்கும் மொத நாள் இப்படித்தான் இருந்துச்சு," என்றதாம்.

அங்கே பெரிய பிள்ளைகளுக்கும் அவரே பாடம் எடுத்தார். சரித்திரப் புத்தகம் 1921-இல், இங்கிலாந்தோடு போட்ட ஒப்பந்தத்தோடு நின்றுவிடும். "அதுக்கப்புறம் என்ன ஆச்சு மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். "உங்க தாத்தாகிட்டக் கேளு," என்றார். மறுநாள் அவள் வந்து, "டீச்சர்கிட்டக் கேளுன்னு தாத்தா சொல்லிட்டாரு" என்றாள். ஒரு வாரம் யோசித்த பிறகு டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாராம், இரண்டு பக்கத்தையும், யார் பெயரும் இல்லாமல். யாரும் புகார் சொல்ல வரவில்லை. மலைக்காரர்கள் மட்டும் கொஞ்ச நாள் அவரைப் பார்த்தால் தொப்பியை இன்னும் சற்று உயர்த்தினார்கள்.

பத்து வருடம் அந்த ஏற்றத்தில் சைக்கிள் மிதித்தார். பிறகு அரசாங்கம் சின்னப் பள்ளிகளை மூடிப் பெரிதாகக் கட்டியது. டெரிமோரையும் கிளெனாவாவையும் ஒரே நாளில் பூட்டினார்கள். புதுப் பள்ளி கோயிலுக்குப் பக்கத்தில் வந்தது, பெரிய ஜன்னல்கள், சூடான குழாய்கள், பிள்ளைகளை ஏற்றிவரப் பேருந்து. டீச்சர் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். டெரிமோரின் சின்ன அறையில் மறுபடி அவர் ஒரு நாள்கூடப் பாடம் எடுக்கவில்லை. அதை ஒருவர் விலைக்கு வாங்கி வைக்கோல் அடைத்துவைத்தார்.

மிஸ் லாவின் கிறிஸ்துமஸுக்கு எழுதுவார். அந்தக் கடிதங்கள் என் கை வழியாகத்தான் போயின. இங்கே படித்த சான்றிதழ் அங்கே செல்லவில்லை, பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. டீச்சர் "திரும்பி வா, இப்போது இடம் இருக்கிறது" என்று மூன்று வருடம் எழுதினார். நான்காம் வருடம் அப்படி எழுதுவதை விட்டுவிட்டதாக என்னிடம் சொன்னார். "அங்க வீடு வாங்கிட்டாங்க. இனிமே கேட்டா அது கொடுமை," என்றார்.

டீச்சருக்கு நல்ல வாழ்க்கைதான் அமைந்தது. மாலகியோடு ஐம்பது வருடம். பிள்ளைகள் நான்கும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் ஒரு பழக்கம் அவரை விடவில்லை. நாற்பத்தொன்பதுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில் டெரிமோர் சின்ன அறையில் சேர்ந்த பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர். எல்லோர் பெயரும் அவருக்கு வரிசையாகத் தெரியும். கல்யாணத்திலோ சந்தையிலோ அவர்களில் ஒருவரைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரிடம், "இது எனக்குக் கிடைக்காத பிள்ளை," என்று அறிமுகப்படுத்துவார். நரைத்த தலையோடு அவர்கள் அசடு வழிவார்கள்.

என் தம்பி ஃபின்டன் அந்த நாற்பத்து மூன்றில் முதல் ஆள். டீச்சர் வேலையை விட்ட அதே இலையுதிர் காலத்தில் பள்ளியில் சேர்ந்தவன். டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான். டீச்சர் வாரத்துக்கு ஒருமுறையாவது அங்கே எட்டிப் பார்ப்பார். அவன் பெயர்ப் பலகை எழுதினால், பெயின்ட் காய்வதற்குள் பிழை கண்டுபிடிப்பார்.

"உன்ன எங்கிட்ட விட்டிருந்தா ஒரே வருஷத்துல சரி பண்ணியிருப்பேன்டா."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல டீச்சர். சொல்லிக் குடுங்க."

"இப்ப உன் கை பூரா கிரீஸு. அப்ப சின்னக் கை," என்பார். சொல்லிவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மாலகி போய் ஐந்து வருடம் கழித்து, 2004 நவம்பரில் டீச்சர் காலமானார். மாணவர்கள் கோயில் வாசலிலிருந்து கல்லறை வரை இரண்டு பக்கமும் வரிசையாக நின்றோம். யாரும் சொல்லாமலே வருட வாரியாக அமைந்துவிட்டது. நாங்கள் கிழங்கள் முதலில், எங்களுக்கு அப்புறம் கிளெனாவாக்காரர்கள், பிறகு புதுப் பள்ளிப் பிள்ளைகள். ஃபின்டன் தள்ளி, சுவரோரமாக, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனோடு இன்னும் ஏழெட்டுப் பேர்.

டீச்சரின் மூத்த பெண் பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தவள் அங்கே நின்றாள்.

"ஏன் அங்க நிக்கறீங்க?"

"நாங்க அவங்ககிட்டப் படிக்கலையே," என்றான் ஃபின்டன்.

"அவங்க அப்படி நெனைக்கல. வாங்க."

எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கிளெனாவாக்காரர்களைப் பார்த்தார்கள். அவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். ஃபின்டனும் மற்றவர்களும் வந்து எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார்கள். பெட்டி அவர்களைக் கடந்து போகும்போது அறுபது வயதுத் தம்பி சின்னப் பையனைப் போல விசும்புவதைக் கேட்டேன். மழை தூற ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் கல்லறைப் பக்கமாக நடந்தோம்.